பல இலக்குச் செய்நிரல்களில் துப்புரவு வழுக்கள்: ஒரு நோக்கு

பெருஞ் செய்நிரல் எதுவும் ஒரே கோப்பாக எழுதப்படுவதில்லை. மூலக் கோப்புகள் பல தனித்தனியே தொகுக்கப்பட்டு இடைநிலைக் கோப்புகளாகின்றன. பின்னர் அவை இணைக்கப்பட்டு நூலகங்களாகவும் இயங்கு நிரல்களாகவும் உருப்பெறுகின்றன. இவ்வேலையை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1976ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் பெல்ட்மன் ஆக்கிய கருவியே 'மேக்' ஆகும். இலக்குக் கோப்பொன்று தான் சார்ந்துள்ள கோப்புகளிலும் பழையதாயின் அதனை மீள ஆக்குக என்பதே அதன் அடிப்படை விதி. ஆக்கியவற்றை நீக்கித் தொடக்க நிலைக்கு மீள்வதற்கு 'கிளீன்' என்னும் இலக்கை அமைப்பது மரபாயிற்று.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. மேக் அறிந்த இலக்கு ஒரு கோப்பு. கிளீன் என்பதோ ஒரு செயல். சார்பு எதுவுமின்றி அவ்விலக்கு எழுதப்பட்டிருக்க, அதே பெயரில் ஒரு கோப்பும் அடைவில் இருக்குமாயின், 'இது புதிய நிலையிலேயே உள்ளது' எனக் கூறி மேக் நின்றுவிடும். வழு எதுவும் அறிவிக்கப்படாது, வேலையும் நடைபெறாது. கிளீன் ஒரு போலி இலக்கு என வெளிப்படையாக அறிவிப்பதே இதற்குப் பரிகாரமாகும்.

அறிவிக்கப்படும் வழுக்களுள் மூன்று முதன்மையானவை. முதலாவது, நீக்கவேண்டிய கோப்பு முன்னரே இல்லாதிருத்தல். நீக்கற் கட்டளை தோல்வியைத் தெரிவிக்க, எஞ்சிய இலக்குகளைத் தொடாமலே மேக் நின்றுவிடும். இரண்டாவது, அனுமதி மறுப்பு. யுனிக்சில் ஒரு கோப்பை நீக்கும் உரிமை பெரும்பாலும் அக்கோப்பின் அனுமதியிலன்றி, அஃது உள்ள அடைவில் எழுதும் அனுமதியிலேயே தங்கியுள்ளது. எனவே முதலில் நோக்கவேண்டியது அடைவையே. மூன்றாவது, துணை அடைவொன்றில் கிளீன் விதியே எழுதப்படாதிருத்தல்.

கட்டளையின் முன் ஒரு சிறு கோடு இட்டால் மேக் எல்லாத் தோல்விகளையும் பொருட்படுத்தாது செல்லும். பலரும் நாடும் இவ்வழி நோயை விடுத்து அறிகுறியை மறைப்பதாகும். கோப்பு இல்லாமையை மட்டும் பொறுக்கும் தெரிவு நீக்கற் கட்டளையிலேயே உண்டு. அதனைக் கையாண்டால் அனுமதி மறுப்பு போன்ற மெய்யான வழுக்கள் வெளிப்படும். துணை அடைவுகளை ஷெல் சுற்றொன்றினால் துப்புரவு செய்யுமிடத்தும் இதே ஆபத்து உளது. இடையில் நேர்ந்த தோல்வியைச் சோதிக்காவிடின், இறுதி அடைவின் வெற்றியே முழுமையின் வெற்றியாக அறிவிக்கப்படும்.

இவற்றிலும் கொடியது வெறுமையான மாறி. வெளியீட்டு அடைவின் பெயரைத் தாங்கும் மாறிக்குப் பெறுமானம் இடப்படாவிடின், அதன் கீழுள்ள அனைத்தையும் நீக்கும் கட்டளை, கணனியின் வேரடைவிலேயே பாயலாம். ஆதலின், கட்டளைகளை இயக்காது காட்டமட்டும் செய்யும் தெரிவினால் முதலில் அவற்றை வாசித்தறிதல் வேண்டும். துப்புரவையும் ஆக்கத்தையும் ஒரே சமாந்தர ஓட்டத்தில் ஏவுதலும் தகாது. அவற்றிடையே வரிசை வரையறுக்கப்படாமையால், ஆக்கப்பட்டது உடனேயே அழிக்கப்படலாம்.

இனி, அடிக்கடி துப்புரவு செய்யவேண்டி நேர்வது ஏன்? சார்புகள் முற்றாக எழுதப்பட்டிருப்பின் மாறிய பகுதியை மட்டும் மேக் தானே மீள ஆக்கும். துணை அடைவு தோறும் தனித்தனி மேக்கை ஏவும் வழக்கம் சார்புப் பின்னலைத் துண்டாடுகின்றது எனப் பீற்றர் மில்லர் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவ்வாறு துண்டாடப்பட்ட செய்நிரலில், திருத்திய மூலத்தோடு பழைய இடைநிலைக் கோப்பும் கலந்து நிற்கும். அதனைக் கொண்டு பெறும் ஆய்வு முடிவு எந்த மூலத்தின் விளைவு என எவராலும் கூறவியலாது. எனவே துப்புரவு வழுவை வெறும் இடையூறெனக் கொள்ளலாகாது. பகுதிகளுக்கிடையே நாம் எழுதாது விட்ட உறவுகளுக்கு அது சான்று. அச்சான்றை அடக்காது வாசிப்பதே ஆய்வாளன் கடன்.