நின்று வேலை செய்வது உடற்பயிற்சி ஆகுமா?

சேரப்பணஞ்சேரியிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் எங்கள் மகப்பேறு பிரிவுக்கு வரும் பெண்களில் பலர் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் பணிபுரிபவர்கள். “நாள் முழுவதும் நின்றுதானே வேலை செய்கிறேன், தனியாக உடற்பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்கின்றனர். வேறு சிலரை, கருவுற்ற நாள் முதலே ஓய்வெடுக்கும்படி வீட்டார் அமர்த்திவிடுகின்றனர்.

ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கி வீக்கமும் வலியும் உண்டாகும். நடக்கும்போதோ கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகின்றன. ஆகவே நிற்பது நடையாகாது. சிக்கலற்ற கர்ப்பத்தில் அளவான உடற்பயிற்சியால் கருச்சிதைவு நேரும் என்ற அச்சமும் தேவையற்றது.

எவ்வளவு செய்யலாம்?

வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்கள் நடந்தால் போதும். பழக்கமில்லாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கலாம். நடக்கும்போது தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. மூச்சு வாங்கிப் பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கர்ப்பகால நீரிழிவைத் தவிர்க்கவும் கட்டுப்படுத்தவும் நடை துணைபுரிகிறது. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உள்ளதா என்று பார்க்கும் எளிய முறையைப் பரவச் செய்தவர் சென்னை மருத்துவர் வீ. சேஷையா. அப்பரிசோதனையில் சர்க்கரை மிகுந்திருந்தால், உணவு ஒழுங்கும் நடையுமே முதல் மருந்து.

எப்படிச் செய்யலாம்?

வெயில் தாழ்ந்த காலையிலோ மாலையிலோ தெருவுக்குள் நடப்பது நல்லது. கனரக வாகனங்கள் விரையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் வேண்டாம். இரவுப் பணி முடித்தவர்கள் உறங்கி எழுந்து, சிற்றுண்டி உண்ட பின் நடக்கலாம். தண்ணீர் உடனிருக்கட்டும். நான்காம் மாதத்திற்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் உண்டாக்கும். குதித்தல், விழ நேரும் விளையாட்டு, பளு தூக்குதல் ஆகியன வேண்டாம்.

சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளைச் சில நொடிகள் இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமர்ந்தபடியே செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் அதைச் செய்யலாகாது.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

உதிரப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கிய நிலை, உயர் இரத்த அழுத்தம், கடும் இரத்தச்சோகை, இதயநோய், கருப்பைவாயில் தையல், இரட்டைக் கரு, முன்பு குறைமாதப் பேறு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரின் அனுமதியின்றிப் பயிற்சி தொடங்கலாகாது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

உதிரப்போக்கு, நீர்க்கசிவு, நெஞ்சுவலி, மயக்கம், கடும் தலைவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

தரையில் அமர்ந்து கூட்டிப் பெருக்கினால் சுகப்பிரசவம் நிச்சயம் என்பதற்கு உறுதியில்லை. வீட்டு வேலையைக் கூட்டுவதைவிட, மாலையில் அவருடன் அரை மணி நேரம் நடப்பதே உதவி. பணியிடத்திலும் பாதுகாப்பு உண்டு: பேறுகாலத்திற்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு முன்னுள்ள ஒரு மாதத்தில், கருவுற்ற பெண் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரலாகாது என்று 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே வகுத்தது. அதற்கு முந்தைய மாதங்களிலும் நிற்பது துன்பம் தந்தால், அடுத்த பரிசோதனையின்போது எங்களிடம் கூறுங்கள். மேலாளரிடம் காட்டத்தக்க மருத்துவச் சான்று பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.