வட்டவடையில் ஓர் இரவு: பயணியின் பணம் விவசாயியைச் சேரும் வழி

மூணாறுக்குச் செல்வோரில் பலர் டாப் ஸ்டேஷன் வரை சென்று, மலையழகைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். சாலை அங்கு முடிவதில்லை. பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைக் கடந்து வட்டவடைக்கு இறங்குகிறது. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் கேரளத்தில் இருப்பினும், இங்கு வீட்டிலும் வயலிலும் ஒலிப்பது பெரும்பாலும் தமிழே. படிக்கட்டுகளைப் போன்ற வயல்களில் காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு ஆகியவை விளைகின்றன.

செல்லும் வழி

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறை அடையலாம். மூணாறிலிருந்து வட்டவடை ஏறத்தாழ 45 கி.மீ. இடையில் உள்ள பூங்கா வனவிலங்குகளின் இருப்பிடமாதலால், இருட்டுவதற்கு முன் ஊரை அடைந்துவிடுதல் நன்று.

டாப் ஸ்டேஷன் என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் மூலம் இங்கு வந்து, கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது.

தங்குமிடமும் முன்பணமும்

கோவிலூரைச் சுற்றி ஹோம்ஸ்டே வீடுகள் உள்ளன. கேரள சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி என வகைப்படுத்திச் சான்று வழங்குகிறது. முன்பதிவின்போது அச்சான்றைக் கேட்டறிவது தவறன்று.

முன்பணம் அனுப்புமுன், யுபிஐ திரையில் தோன்றும் பெயர் விடுதி உரிமையாளருடையதுதானா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுத்தொகையையும் முன்னரே செலுத்த வேண்டாம். ‘பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், பின் எண்ணை இடுங்கள்’ என எவரேனும் கூறினால் அது மோசடியே. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். மலையில் அலைபேசித் தொடர்பு தடைப்படலாம் என்பதால், சில்லறை நோட்டுகளுடன் போதிய ரொக்கமும் வைத்திருங்கள்.

ஓர் இரவின் பயன்

வந்த அன்றே மூணாறு திரும்பும் பயணி, அறைக்கும் உணவுக்குமான பணத்தை மூணாறிலேயே செலவிடுகிறார். வட்டவடைக்கு ஒரு தேநீரின் விலையே மிஞ்சுகிறது. இரவு தங்குபவரின் பணமோ வீட்டுக்காரர், சமைப்பவர், ஜீப் ஓட்டுநர், காய்கறி தருபவர் எனப் பலரிடம் சேர்கிறது.

இது சிறு செய்தியன்று. விதைப்புக் காலத்தில் வணிகரிடம் முன்பணம் பெற்று, விளைச்சலை அவரிடமே ஒப்படைக்கும் வழக்கம் இப்பகுதியில் உண்டு. அவ்வாறு கடன்பட்டவர் விலையை முடிவு செய்யும் நிலையில் இருப்பதில்லை. கிசான் கிரெடிட் கார்டு வழியாக ரூ.2 லட்சம் வரை பிணையின்றிக் கிடைக்கும் பயிர்க்கடன் இதற்கு ஒரு மாற்று. வயலருகே நேரடியாக வாங்கும் பயணி மற்றொரு மாற்று.

அவ்வாறு வாங்கத்தக்கவற்றுள் முதன்மையானது மலைப்பூண்டு. காந்தளூர்–வட்டவடைப் பூண்டு 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறிது, மணமும் காரமும் மிகுதி, நன்கு உலர்த்தினால் நெடுநாள் கெடாது. பேரம் பேசுமுன், இதன் விலை சமவெளிப் பூண்டின் விலையன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எப்போது செல்லலாம்?

ஓணத்தை ஒட்டிய வாரங்களில் அறுவடை நிகழ்வதால் வயல்களைக் காண அதுவே ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரியில் கடுங்குளிர் நிலவும். கம்பளி உடை அவசியம். 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காரட் ஆண்டுதோறும் விளைகிறது. அடுத்த மூணாறுப் பயணத்தில் ஓர் இரவை வட்டவடைக்கு ஒதுக்குங்கள்.