மேடைக் கச்சேரி வெள்ளித்திரையில்!

எங்கப்பா மைக்செட் போடுகிறவர். தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடை வந்தால், மெல்லிசைக் கச்சேரிக்குப் பாக்ஸ் கட்டப் போய்விடுவார். "கடைசியில நிக்கிறவனுக்கும் பாட்டு தெளிவா கேக்கணும்லே" என்பார். அது லேசான வேலை இல்லை. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், பாடகர் வாய் அசைத்துக் கால் விநாடிக்குப் பிறகுதான் பாட்டு வந்து சேரும்.

தியேட்டரில் பார்க்கும் கச்சேரிப் படத்தில் இந்தக் குறை இல்லை. ஏ.ஆர்.ரஹ்மானின் வட அமெரிக்கக் கச்சேரிகளை வைத்து எடுத்த 'ஒன் ஹார்ட்' 2017-ல் வெளியானது. இத்தகைய படங்களுக்குப் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். குரல், டிரம்ஸ், கிட்டார் ஒவ்வொன்றும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். ரசிகர்களின் கைதட்டலுக்கும் தனி மைக் உண்டு. பிறகு ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கலப்பார்கள். 5.1 முறையில் பாட்டு பெரும்பாலும் திரைப் பக்கமிருந்து வரும். கைதட்டல் பக்கச் சுவர்களிலிருந்து வரும். அதனால்தான் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பது போல நமக்குத் தோன்றுகிறது!

ஒரே ஒரு குறை. 'ஒன்ஸ் மோர்' என்று நாம் கத்தினால் திரை திரும்பப் பாடாது. கொடைக் கச்சேரியில் பாடுவார்கள்!

எத்தனையோ கச்சேரிக்குப் போன எங்கப்பா, ஒன்றைக்கூட முன்னால் உட்கார்ந்து கேட்டதில்லை. மிக்ஸர் பக்கத்திலேயே நின்றிருப்பார். டிப்ளமோ முடித்து, முதல் சம்பளத்தில் அவரை இப்படியொரு படத்துக்குக் கூட்டிப்போய் நடு வரிசையில் உட்கார வைக்கணும். நண்பர்களே, அடுத்த கச்சேரியில் பாடகருக்குக் கைதட்டும்போது, மிக்ஸர் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்!