மறுசேர்க்கை இன்டர்லியூக்கின்-2: வடிவமும் தூய்மையும்

டி உயிரணுக்களை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்க்கத் துணைநிற்கும் காரணி ஒன்று உண்டென்பது 1976இல் அமெரிக்காவில் அறியப்பட்டது. இன்டர்லியூக்கின்-2 எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அப்புரதத்தை வெள்ளணுக்களிலிருந்து மிகச் சிறிதளவே பிரித்தெடுக்க இயன்றது. 1983இல் ஜப்பானில் ததாத்சுகு தனிகுச்சி குழுவினர் அதன் மரபணுவைப் படியாக்கம் செய்த பின்னர், ஈ. கோலை பாக்டீரியாவில் அதனை வேண்டுமளவு உருவாக்க வழி பிறந்தது. இவ்வாறு பெறுவதே மறுசேர்க்கைப் புரதம். 'செயற்கைப் புரதம்' என்னும் பெயர் இதற்குப் பொருந்தாது. ஆக்குவது உயிருள்ள அணுவே.

133 அமினோ அமிலங்கள் கொண்ட இப்புரதத்தில் 58, 105, 125 ஆகிய இடங்களில் சிஸ்டீன் அமைந்துள்ளது. முதலிரண்டும் தம்முள் டைசல்பைடுப் பிணைப்புக் கொள்ள வேண்டும். 125ஆம் இடத்தது குறுக்கிட்டால் மடிப்புப் பிழைபடும். ஆதலின் அவ்விடத்தில் செரீனை அமைத்த வடிவமும் ஆக்கப்பட்டது. பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட ஆல்டெஸ்லூக்கின் அவ்வகையினது.

ஆய்வாளர் பெரிதும் அஞ்ச வேண்டுவது வேறொன்று. பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடு, அதாவது அகநச்சு, சிறிதளவு எஞ்சினும் மோனோசைட்டுகளைத் தூண்டிவிடும். கலப்பு உயிரணு வளர்ப்பில் அது புரதத்தின் விளைவாகவே தோன்றும். எனவே சான்றிதழில் புரதத் தூய்மையின் விழுக்காடு மட்டும் இருத்தல் போதாது. அகநச்சின் அளவும் தனியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கொதிக்கவைத்த மாதிரியுடன் ஒப்பிடுதல் எளிய சோதனை. புரதம் சிதையும், அகநச்சு பெரும்பாலும் வெப்பம் தாங்கும். விளைவு குன்றாதிருப்பின் ஐயம் அகநச்சின்மேற் செல்லும்.