பட்டன் ராட்செட்டா, சாதா ராட்செட்டா? எந்த வேலைக்கு எது ஏற்றது?

பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ கருவிக் கடையில் போய் நின்று, "அரை அங்குல ராட்செட் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "பட்டன் வைத்ததா, சாதாவா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார்.

பலர் இந்தக் கேள்விக்கு "எது விலை குறைவு?" என்று பதில் சொல்லி, கையில் கிடைத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். பிறகு பட்டறையில் தினமும் அதனோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ராட்செட், மெக்கானிக்கின் வலது கை. அதைப் பெரும்பாலும் அவரே தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறார். நல்ல ராட்செட்டின் விலை சில நாள் கூலிக்குச் சமம். ஆகவே, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

வேறுபாடு என்ன?

ராட்செட்டின் தலையில் சதுரமான ஒரு முனை இருக்கிறது. அதில்தான் சாக்கெட்டை மாட்டுகிறோம். அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சாக்கெட்டின் உள்சுவரில் அதற்கேற்ற குழி இருக்கும். குண்டு குழிக்குள் போய் உட்கார்ந்ததும் சாக்கெட் விழாமல் நிற்கும்.

இதுவரை இரண்டு வகையும் ஒன்றுதான்.

சாதா ராட்செட்டில், குண்டுக்குப் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கிறது. சாக்கெட்டைப் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். குண்டு உள்ளே போகும். சாக்கெட் கழன்று வரும். அவ்வளவுதான்.

பட்டன் ராட்செட்டில், தலையின் முதுகுப்புறத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு தண்டு, சதுர முனையின் நடுவே துளை வழியாக இறங்குகிறது. பொத்தானை அமுக்காதபோது, தண்டின் பருத்த பகுதி குண்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அமுக்கினால், தண்டில் உள்ள பள்ளம் குண்டுக்கு நேராக வரும். குண்டு அந்தப் பள்ளத்தில் இறங்கும். சாக்கெட் தானாகக் கழன்று விழும். ஒரு கை போதும்.

ஒரு குமாஸ்தாவின் கண்டுபிடிப்பு

இந்தப் பொத்தானைப் புகழ்பெறச் செய்தவர் பெரிய என்ஜினீயர் அல்ல. 18 வயது விற்பனை குமாஸ்தா!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்ற ஊர். அங்கே சியர்ஸ் என்ற பெரிய கம்பெனியின் கடையில் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். 1963-ல், வேலை நேரம் போக மீதி நேரத்தில், ஒரே கையால் சாக்கெட்டைக் கழற்றும் ராட்செட்டை அவர் உருவாக்கினார். 1964-ல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். தன் கம்பெனிக்கும் அதைக் காட்டினார்.

கம்பெனி என்ன சொன்னது? "இது ஒன்றும் புதிது அல்ல. செய்வதற்குச் செலவு அதிகம். பெரிதாக விற்காது" என்ற பாணியில் பேசியது. ஒரு ராட்செட்டுக்கு 2 சென்ட் வீதம், மொத்தம் 10 ஆயிரம் டாலருக்கு மேல் போகாமல் கொடுப்பதாக 1965-ல் ஒப்பந்தம் எழுதி, உரிமையை வாங்கிக்கொண்டது.

2 சென்ட் வீதம் 10 ஆயிரம் டாலர் சேர வேண்டுமானால் 5 லட்சம் ராட்செட் விற்க வேண்டும். ஒன்பதே மாதத்தில் அந்தக் கணக்குத் தீர்ந்துவிட்டது! அதற்குப் பிறகு விற்றவை எதற்கும் ராபர்ட்சுக்கு ஒரு சென்ட்கூட இல்லை. 1975-க்குள் விற்ற ராட்செட்டுகள் 1 கோடியே 90 லட்சம்.

உண்மை தெரிந்ததும் ராபர்ட்ஸ் 1969-ல் வழக்குத் தொடர்ந்தார். கம்பெனி உண்மையை மறைத்து உரிமையை வாங்கியது என்று ஜூரிகள் முடிவு செய்து, அவருக்கு 10 லட்சம் டாலர் கொடுக்கும்படி கூறினர். 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மோசடி நடந்தது என்பதை ஏற்றது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. கடைசியில் 1989-ல்தான் சமரசமாக முடிந்தது. பதினெட்டு வயதில் கண்டுபிடித்தவருக்குக் கணக்குத் தீரும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

பட்டறையிலோ ஆலையிலோ புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் நம் தொழிலாளர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. வெளியே காட்டுவதற்கு முன்பே காப்புரிமைக்கு மனுச் செய்ய வேண்டும். கர்நாடகத்தில் இருப்பவர்கள் சென்னையில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். இந்தியாவில் காப்புரிமை, மனுச் செய்த நாளில் இருந்து 20 ஆண்டுகள் செல்லும். வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எந்தத் தாளிலும், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இனி, நம் கருவிக்கு வருவோம்.

பட்டனால் என்ன லாபம்?

கை முழுவதும் கிரீஸ். 13-ம் நம்பர் சாக்கெட்டைக் கழற்றி 17-ம் நம்பரை மாட்ட வேண்டும். சாதா ராட்செட்டாக இருந்தால் சாக்கெட் கையில் வழுக்கும். துணியைத் தேட வேண்டும். சிலர் ஆத்திரத்தில் சுத்தியலால் தட்டுவார்கள். சாக்கெட்டும் கெடும், சதுர முனையும் கெடும்.

பட்டன் ராட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை. கட்டை விரலால் ஓர் அமுக்கு. சாக்கெட் கையில் விழும். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவை சாக்கெட் மாற்றுகிற மோட்டார் பட்டறையில், இதனால் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சம் அல்ல.

இரண்டாவது லாபம், பிடிப்பு. நன்றாகச் செய்த பட்டன் ராட்செட்டில், பொத்தானை அமுக்காதவரை குண்டு உள்ளே போக முடியாது. சாக்கெட்டை இழுத்தாலும் வராது. உயரமான இடத்தில் நின்று வேலை செய்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. மேலே இருந்து நழுவும் அரைக் கிலோ இரும்பு, கீழே நிற்பவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.

பட்டனால் என்ன நஷ்டம்?

பொத்தான் இருக்கும் இடமே அதன் பலவீனம்.

போல்ட்டு இறுகியிருக்கும்போது, ராட்செட் தலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பது வழக்கம். அப்போது பொத்தானும் சேர்ந்து அமுங்கும். இடுக்கான இடத்தில் தலை சேசிஸில் இடித்தாலும் அப்படித்தான். சாக்கெட் கழன்று எஞ்சினுக்கு உள்ளே விழுந்துவிடும். டைமிங் கவரைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அது நடந்தால், அன்றைய வேலை முழுவதும் அந்தச் சாக்கெட்டைத் தேடுவதற்கே சரியாகிவிடும். விழுந்தது தெரியாமல் எஞ்சினை ஓட்டிவிட்டால், நஷ்டம் ஆயிரக்கணக்கில்!

அடுத்தது தூசி. பொத்தானைச் சுற்றியுள்ள இடைவெளியில் மண்ணும் சிமெண்டுத் தூளும் நுழையும். எண்ணெயோடு கலந்து கட்டியாகும். பிறகு பொத்தான் அமுங்காது. அமுங்கினால் மேலே வராது. மேலே வராவிட்டால் சாக்கெட் நிற்காது.

மூன்றாவது, உறுதி. பட்டன் ராட்செட்டில் சதுர முனையின் நடுவே துளை போகிறது. நல்ல எஃகில் செய்திருந்தால் இதனால் கெடுதல் இல்லை. மட்டமான சரக்காக இருந்தால், முனை முறியும் இடம் அதுவாகத்தான் இருக்கும். தலையின் உயரமும் சற்றுக் கூடும். இடுக்கான இடத்தில் அந்தச் சிறு உயரம்கூடத் தடையாகும்.

சாதா ராட்செட் யாருக்கு?

சாதா ராட்செட்டில் பாகங்கள் குறைவு. ஆகவே கெடுவதும் குறைவு. கல் உடைக்கும் ஆலை, செங்கல் சூளை, சிமெண்டு வேலை, கிரானைட் குவாரி இங்கெல்லாம் எந்திரம் பார்ப்பவர்களுக்குச் சாதாதான் நல்லது. ஒரே அளவுள்ள போல்ட்டுகளை நாள் முழுவதும் முடுக்குபவர்களுக்கும் பட்டன் தேவை இல்லை. சாக்கெட்டை மாற்றாதவருக்குப் பட்டன் எதற்கு?

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் ஊழியர்களுக்கும் நல்ல கம்பெனியின் சாதா ராட்செட் போதும். மலிவான பட்டன் ராட்செட்டைவிடத் தரமான சாதா ராட்செட் பல மடங்கு மேல்.

கார், வேன், பஸ் என்று பலவிதமாகப் பழுது பார்ப்பவர்கள் பட்டன் வாங்கலாம். ஆனால் பொத்தான் தலையின் மட்டத்துக்கு மேலே துருத்தாமல், சற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தெரியாமல் அமுங்கும் ஆபத்து அதில் குறைவு.

ஒரு முக்கிய விஷயம்

எக்ஸ்டென்ஷன் ராடு மாட்டி வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். ராட்செட்டின் பொத்தானை அமுக்கினால் ராடுதான் கழலும். ராடின் மறுமுனையில் உள்ள சாக்கெட் கழலாது. அங்கே இருப்பது பெரும்பாலும் சாதா குண்டுதான். ஆகவே, ராடு இல்லாமல் வேலையே நடக்காது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, பட்டனுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் பாதிதான் பயன்படும்.

கடையில் சோதிப்பது எப்படி?

பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள்.

1. சாக்கெட்டை மாட்டித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக் கூடாது.

2. பட்டன் வகையானால், பொத்தானைத் தொடாமல் சாக்கெட்டை இழுங்கள். வரக் கூடாது. பிறகு அமுக்கிவிட்டு விடுங்கள். பொத்தான் உடனே மேலே எழ வேண்டும்.

3. சாதா வகையானால், இழுத்தால் வர வேண்டும். ஆனால் தொட்டதும் வரக் கூடாது.

4. பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். 24 பல் என்றால், அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 15 டிகிரி நகர்த்த வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். இடுக்கில் வேலை செய்பவர்களுக்குப் பல் அதிகமாக இருப்பது நல்லது.

5. தலையின் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் எளிதாகப் பிரித்துச் சுத்தம் செய்யலாம்.

6. வீட்டில் உள்ள பழைய சாக்கெட் ஒன்றையும் கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். அரை அங்குலம் என்றும் 12.5 மி.மீ. என்றும் எழுதியிருப்பது ஒரே அளவுதான். 3/8 அங்குலத்தை 10 மி.மீ. என்றும், கால் அங்குலத்தை 6.3 மி.மீ. என்றும் போடுவார்கள்.

ஆலைகளில் ஸ்டோர் பார்க்கும் குமாஸ்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. இண்டென்ட்டில் "ராட்செட் அரை அங்குலம்" என்று மட்டும் எழுதினால், சப்ளை செய்பவர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதை அனுப்புவார். பட்டன் உள்ளதா, சாதாவா, எத்தனை பல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முன், அதைப் பிடிக்கப் போகும் பிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீண்ட நாள் உழைக்க

எந்த வகை வாங்கினாலும், துருப்பிடித்து இறுகிய நட்டை ராட்செட்டால் உடைத்துத் திறக்காதீர்கள். கைப்பிடியில் பைப் செருகி இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பல்லும், அதைப் பிடிக்கும் நாக்கும் அந்த வேகத்தைத் தாங்காது. முதல் இளக்கத்துக்கு டி-ஹேண்டில் அல்லது நீளமான பார் போடுங்கள். இளகிய பிறகு ராட்செட்டை எடுங்கள்.

வேலை முடிந்ததும் துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை பொத்தானைச் சுற்றி ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பத்துத் தடவை அமுக்கி விடுங்கள். கெட்டியான கிரீஸை அடைக்காதீர்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காமல் போகும். பலமாக இழுக்கும்போது பல் வழுக்கினால், கை முட்டி இரும்பில் போய் மோதும்.

மொத்தத்தில் இதுதான் கணக்கு: அடிக்கடி சாக்கெட் மாற்றுபவருக்கும் உயரத்தில் வேலை செய்பவருக்கும் பட்டன். தூசியில் வேலை செய்பவருக்கும் ஒரே அளவில் வேலை செய்பவருக்கும் சாதா. கையில் பணம் குறைவாக இருந்தால், இரண்டு மட்டமான ராட்செட் வாங்குவதைவிட ஒரு நல்ல சாதா ராட்செட் வாங்குங்கள். அது பல ஆண்டுகள் உங்களுக்குச் சோறு போடும்.