டெட்ரிஸ்: விரல்களிடம் தோற்ற இயந்திரம்

34 ஆண்டுகளாக எல்லோரையும் தோற்கடித்து வந்த விளையாட்டு ஒரு 13 வயதுச் சிறுவனிடம் திக்குமுக்காடி நின்றது.

2023 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஸ்டில்வாட்டர் என்ற ஊர். பள்ளி மாணவன் வில்லிஸ் கிப்சன் விளையாடத் தொடங்கி 38 நிமிடங்கள் ஆகிவிட்டன. திரையில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒன்றாகக் கட்டைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஒரு வரிசை அழிகிறது. அவ்வளவுதான், திரை அப்படியே உறைந்து நிற்கிறது. சிறுவன் நாற்காலியில் சரிகிறான். தலையைப் பிடித்துக்கொள்கிறான். விரல்களில் உணர்ச்சியே இல்லை என்கிறான்.

டெட்ரிஸ் நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் சென்னை பர்மா பஜாரிலும் டெல்லி பாலிகா பஜாரிலும் விற்ற 'பிரிக் கேம்' பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயில் பயணத்தைக் கழித்தவர்கள் ஏராளம். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய விளையாட்டு இது. மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் அழியும். நிரப்பத் தவறினால் கட்டைகள் கூரையைத் தொடும். ஆட்டம் முடிந்தது.

ஜெயிப்பது என்ற பேச்சே இதில் கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம் என்பதுதான் கணக்கு.

நின்டென்டோ நிறுவனம் 1989இல் என்.இ.எஸ். கருவிக்காக வெளியிட்ட டெட்ரிஸில் தாக்குப்பிடிப்பதற்கும் ஒரு எல்லை இருந்தது. 29வது நிலை. மொத்தம் 20 வரிசை உயரம். அதை மேலிருந்து கீழே கடக்கக் கட்டைக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பொத்தானை அழுத்திப் பிடித்தால், கட்டை ஓரத்துக்குப் போய்ச் சேருமுன்பே தரை தட்டிவிடும். ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'கில் ஸ்கிரீன்'. விளையாட்டு இங்கே முடிகிறது என்று புரோகிராமில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மனிதக் கட்டைவிரல்தான் அங்கே முடிந்துபோனது.

அந்தச் சுவரில் முதல் விரிசலை உண்டாக்கியவர் தோர் ஆக்கர்லண்ட். 1990இல் நின்டென்டோ நடத்திய போட்டியில் வென்றவர். அவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கவில்லை. கட்டைவிரல் நடுங்குவதுபோல் படபடவென்று தட்டினார். 30வது நிலையை எட்டினார். பல ஆண்டுகள் இதை யாரும் பின்பற்றவில்லை. கை வலிக்கும் என்பது ஒரு காரணம்.

2018இல் ஜோசப் சேலி என்ற 16 வயதுப் பையன் இதே முறையில் தட்டியபடி உலகப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்தான். எதிரில் ஏழு முறை சாம்பியனான ஜோனஸ் நியூபாவர். பையன் ஜெயித்தான். தோற்ற நியூபாவர் முகம் சுளிக்கவில்லை, மனதாரப் பாராட்டினார். 2021 ஜனவரியில் 39 வயதில் அவர் இறந்தபோது, அவரை எப்படியாவது தோற்கடிக்க வேண்டும் என்று பயிற்சி செய்து வந்தவர்களே அதிகம் கலங்கினார்கள்.

பிறகு வந்ததுதான் உண்மையான புரட்சி. அதற்குப் பெயர் 'ரோலிங்'. ஒரு கை கட்டைவிரல் பொத்தான் மேல் சும்மா இருக்கும். மறு கையின் விரல்கள் கன்ட்ரோலரின் அடிப்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியே எழும்பிக் கட்டைவிரலில் மோதும். மிருதங்க வித்வான் விரல்களை உருட்டுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். நொடிக்கு 20 தட்டுகள் வரை சாத்தியம். கையும் அவ்வளவாக வலிக்காது.

சுவர் போயிற்று. அதன் பிறகு யாரும் பார்த்திராத பிரதேசம். 138வது நிலைக்கு அப்பால் புரோகிராம் தன் வண்ணப் பட்டியலைத் தாண்டிச் சம்பந்தமில்லாத எண்களை நிறங்கள் என்று நினைத்துப் படிக்கிறது. பச்சை, பழுப்பு என்று கண்டபடி நிறங்கள். சில நிலைகளில் கட்டைகள் கறுப்புப் பின்னணியில் கிட்டத்தட்ட மறைந்தே போகின்றன. விரல் தாங்கினாலும் கண் தாங்க வேண்டுமே.

இயந்திரமும் தாங்கவில்லை. அந்தக் காலத்துச் சிப்புக்கு நேரடியாகப் பெருக்கத் தெரியாது. திரும்பத் திரும்பக் கூட்டித்தான் புள்ளிகளைச் சேர்க்கும். நிலை உயர உயரக் கூட்டல் நீளும். ஒரு கட்டத்தில், அடுத்த காட்சியை வரைய நேரம் வந்த பிறகும் கணக்கு முடியாது. குழம்பி நின்றுவிடும். 155வது நிலையில் ஒரே ஒரு வரிசையைத் தனியாக அழித்தால் இது நடக்கும் என்பதை ஆர்வலர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தார்கள். கிப்சன் அங்கே அதைத் தவறவிட்டான். சளைக்காமல் ஆடி 157வது நிலையில் பிடித்தான். மொத்தம் 1,511 வரிசைகள்.

செய்தியைப் படித்த ஒரு பிரிட்டிஷ் டிவி அறிவிப்பாளர், வெளியே போய்க் காற்று வாங்கச் சொல்லி அவனுக்கு அறிவுரை கூறினார். வாழ்க்கையில் இதெல்லாம் ஒரு லட்சியமா என்றும் கேட்டார். மேடையில் அட்சதை தூவுவதுபோல் புத்திமதி தூவுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கிப்சனின் தந்தை அந்த ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னர்தான் இறந்திருந்தார். சாதனையை அவருக்கே அர்ப்பணிப்பதாகச் சொன்னான் மகன்.

2024 அக்டோபரில் இன்னொரு எல்லையும் தாண்டப்பட்டது. 2020, 2021 ஆண்டுகளின் சாம்பியனான டெக்சாஸ் இளைஞர் மைக்கேல் ஆர்டியாகா, உறைந்துபோகாதபடி திருத்தப்பட்ட டெட்ரிஸில் ஏறக்குறைய 80 நிமிடங்கள் ஆடினார். வழக்கமாக 10 வரிசைகளில் முடியும் நிலை, 235இல் மட்டும் ஒரு கணக்குக் கோளாறால் 800க்கும் மேல் நீளும். அதையும் கடந்தார். எண்ணிக்கை 255க்கு மேல் போக முடியாது என்பதால் அடுத்து வந்தது 0வது நிலை. கட்டைகள் நிதானமாக இறங்க ஆரம்பித்தன. ஆர்டியாகா மேற்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.