கோடு விழுந்த டிவி
(பழசு வாங்கலாம் – 9)

போன வாரம் ரிச்சி தெருவில், ஒரு 29 இஞ்ச் டப்பா டிவி முன்னால் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன். எல்இடி ஏன் வேண்டாம் என்பதை அதற்கும் முந்தின வாரமே பேசியாயிற்று. இந்த வாரம் பேரம் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கோடு குறுக்கே வந்துவிட்டது.

1996 உலகக் கோப்பைக்காக சித்தப்பா பி.எஃப். லோன் போட்டு சோனி ட்ரினிட்ரான் வாங்கினார், பெரிய சைஸ். இரண்டாம் நாளே, "சச்சின் இடுப்புல ஒரு கோடு போகுதுடா, பாரு" என்றார். போனது. முடியைவிட மெல்லிசாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மெக்கானிக் வந்தார், திறந்தார், எதையோ மாற்றி 150 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். கோடு போகவில்லை. கடைசிவரை அந்த டிவியைத் திட்டிக்கொண்டே பார்த்தார் மனுஷர்.

அது கோளாறே இல்லை என்பது இந்த வாரம்தான் எனக்குப் பிடிபட்டது. சாதாரண பிக்சர் ட்யூபில் திரைக்குப் பின்னால் பொடித் துளைகள் போட்ட தகடு இருக்கும். 1968-ல் வந்த ட்ரினிட்ரானில் தகட்டுக்குப் பதில் மேலிருந்து கீழாக, வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகக் கீற்றுகள். வழி அதிகம், அதனால் வெளிச்சமும் அதிகம். தந்தி என்றால் அதிருமே? அதிராமல் இருக்கக் குறுக்கே டங்ஸ்டன் கம்பி கட்டினார்கள், சின்னத் திரைக்கு ஒன்று, பெரியதற்கு இரண்டு. சித்தப்பா பார்த்தது அந்தக் கம்பிகளில் ஒன்றின் நிழலை. பெட்டியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள், படம் ஒரு நொடி நடுங்கும். இந்த ட்யூபுக்காக 1973-ல் சோனிக்கு எம்மி விருதே கொடுத்தார்கள்.

ஆகவே வெளிச்சமான காட்சி ஒன்றை ஓடவிட்டுக் கோட்டைத் தேடுங்கள். இருந்தால் ட்யூப் அசல். பழைய மாடல் என்றால் திரைமேல் ஸ்கேலை நெட்டுக்குத்தாக வையுங்கள், இடைவெளி இல்லாமல் ஒட்டும். படுக்கையாக வைத்தால் ஒட்டாது. பிறகு வந்த ஃப்ளாட் மாடல்களில் இந்த வித்தை பலிக்காது.

மூலையில் ஊதாவோ பச்சையோ திட்டு இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். தள்ளி வைத்து, அரைமணி கழித்து ஆன் செய்யுங்கள். 'டொம்' என்று ஒரு சத்தம் வரும், திட்டு மறைய வேண்டும். மறையாவிட்டால் நடையைக் கட்டுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் உயிரை வாங்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைக்காரருக்கே கோட்டின் கதை தெரியாது என்றால் விலை தானாக இறங்கும். தெரியப்படுத்துவது உங்கள் மனசாட்சி. நான் வாயைத் திறக்கவில்லை, 400 ரூபாய் குறைந்தது.

பேரம் இவ்வளவுதான். தூக்குகூலிதான் பெரிய கதை. 29 இஞ்ச் என்றால் 40 கிலோவுக்குக் குறையாது. சோனியே 1989 வாக்கில் 43 இஞ்ச் ட்யூப் டிவி ஒன்று போட்டது, ஏறக்குறைய 200 கிலோ! தூக்குகூலியை அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரை யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டு மாடிப்படியின் அகலத்தை அளந்து வையுங்கள்.